பாதுகாப்புச் சோதனை மென்பொருளை ஊரறிய வெளியிடும் முன் சட்டம் பார்க்கும் இடங்கள்: ஒரு முழுமையான வழிகாட்டி

திருநெல்வேலிச் சீமையில் கணினிப் பாதுகாப்பு படிக்கிற பிள்ளைகளுக்கு அது எங்கோ தூரத்தில் நடக்கிற சங்கதி இல்லை. ராதாபுரம் வட்டாரத்தில் கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம், அந்தப் பக்கமெல்லாம் காற்றாலைகள். கூடங்குளத்துக் கணினி ஒன்றில் தீநிரல் புகுந்திருப்பதை 2019 செப்டம்பர் 4ஆம் தேதி இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அவசரகாலக் குழுவான சர்ட்-இன் அமைப்பு கவனித்து அணுமின் கழகத்துக்குச் சொன்னது. அக்டோபர் 30ஆம் தேதி கழகமே அதை ஒப்புக்கொண்டது. இணையத்தோடு இணைந்த நிர்வாக வலையமைப்பில் இருந்த ஒரு கணினிதான் பாதிக்கப்பட்டது, உலை சார்ந்த முக்கிய உள்வலையமைப்பு அதிலிருந்து தனியாகவே இருந்தது என்றும் விளக்கியது. இப்படிப்பட்ட இடங்கள் இருக்கிற ஊரிலிருந்து சோதனைக் கருவி எழுதுகிறவர்கள் நிறையப் பேர் வரவேண்டும் என்பது என் ஆசை. வருகிறவர்கள் சட்டம் தெரியாமல் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பது அதைவிடப் பெரிய ஆசை.

ஒரே ஒரு உதாரணத்தைப் பிடித்துக்கொண்டே போவோம். பாளையங்கோட்டைப் பக்கத்துப் பொறியியல் கல்லூரியில் இறுதியாண்டு மாணவர்கள் நாலு பேர். தொழிற்சாலைகளிலும் காற்றாலைகளிலும் இருக்கும் கட்டுப்பாட்டுக் கருவிகள் மோட்பஸ் என்ற நெறிமுறையில் பேசுவதுண்டு. அவற்றை வலையமைப்பில் கண்டுபிடிக்கும் ஸ்கேனர் ஒன்றை இவர்கள் எழுதியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மோட்பஸ் 1979இல் வந்தது. அதன் மூல வடிவத்தில் கடவுச்சொல் கிடையாது, கேட்பவர் யார் என்ற சோதனையும் கிடையாது. 502ஆம் போர்ட்டில் யார் கேட்டாலும் பதில் வந்துவிடும். நாலு பேருக்கும் இதைக் கிட்ஹப் என்ற மென்பொருள் பகிரும் தளத்தில் போட வேண்டும், வேலைக்குப் போகும்போது காட்ட வேண்டும். நியாயமான ஆசைதான்.

படி 1: எந்தப் பிரிவு உங்களைத் தொடும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம்தான் அடிப்படை. சோதனைக் கருவி எழுதுவதையோ வைத்திருப்பதையோ குற்றமாக்கும் தனிப் பிரிவு அதில் இல்லை. அது கேட்பது இரண்டு கேள்வி: உரிமையாளரின் அனுமதி இருந்ததா? நோக்கம் என்ன?

43ஆம் பிரிவு, கணினியின் உரிமையாளரோ பொறுப்பில் இருப்பவரோ அனுமதிக்காமல் செய்யக் கூடாதவற்றை வரிசையாகச் சொல்கிறது. உள்ளே நுழைவது, தரவை நகலெடுப்பது, வைரஸ் புகுத்துவது, இயக்கத்தைக் குலைப்பது என்று போகும் அந்தப் பட்டியலில், கருவி வெளியிடுகிறவர்கள் நிதானமாகப் படிக்க வேண்டியது (ஜி) உட்பிரிவு. சட்டத்துக்கு மாறாக ஒரு கணினிக்குள் நுழைவதற்கு இன்னொருவருக்கு எந்த வகையிலாவது உதவுவதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. 43இன் விளைவு நஷ்டஈடு. அதே செயலை நேர்மையற்ற எண்ணத்தோடோ மோசடியாகவோ செய்தால் 66ஆம் பிரிவு வந்துவிடும்: 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். குற்றத்துக்குத் துணைபோவதை 84பி பிரிவும், முயற்சியை 84சி பிரிவும் பார்த்துக்கொள்கின்றன.

70ஆம் பிரிவு வேறு மாதிரி. அரசு அரசிதழில் 'பாதுகாக்கப்பட்ட அமைப்பு' என்று அறிவித்த கணினிக்குள் அனுமதியின்றி நுழைந்தாலும், நுழைய முயன்றாலும் 10 ஆண்டு வரை சிறை. 66இல் இருக்கும் 'நேர்மையற்ற எண்ணம்' என்ற நிபந்தனை இந்தப் பிரிவின் வாசகத்தில் இல்லை. 'சும்மா பார்த்தேன், கெட்ட எண்ணமே இல்லை' என்பது இங்கே தாங்காது. மின்சாரம், விண்வெளி, அணுசக்தி சூழ்ந்த இந்த வட்டாரத்தில் ஸ்கேனர் எழுதுகிறவர்கள் இதை மனதில் அழுத்தமாக எழுதிக்கொள்ள வேண்டும்.

யாருடைய மனதுக்குள்ளும் புகுந்து நோக்கத்தைப் பார்க்க முடியாது. கருவியோடு சேர்த்து நீங்கள் எழுதிவைத்ததை வைத்துத்தான் காவல்துறையும் நீதிமன்றமும் அதைத் தேடும்: ரீட்மீ கோப்பு (கருவியின் விளக்கக் குறிப்பு), கமிட் செய்திகள் (ஒவ்வொரு மாற்றத்தோடும் எழுதும் குறிப்பு), அறிமுகக் காணொளி, டெலிகிராம் குழுவில் கேள்விக்குச் சொன்ன பதில். அமெரிக்காவில் நானோகோர் என்ற தொலைக்கட்டுப்பாட்டு மென்பொருளை எழுதிய டெய்லர் ஹடில்ஸ்டனுக்கு 2018இல் 33 மாதச் சிறை கிடைத்தது. அவர் யாருடைய கணினிக்குள்ளும் தானாக நுழைந்தார் என்று வழக்கு இல்லை. தவறாகப் பயன்படுத்துவார்கள் என்று தெரிந்தே, அப்படிப்பட்டவர்கள் கூடும் இடத்தில் விற்றார், துணைபோனார் என்பதுதான் வழக்கு. 1997இல் வெளிவந்த என்மேப் என்ற வலையமைப்பு ஸ்கேனரும் 2003இல் வந்த மெட்டாஸ்ப்ளாய்ட் என்ற ஊடுருவல் சோதனைக் கருவியும் அதைவிட வலுவான கருவிகள். அவை இன்றும் வகுப்பறையில் பாடமாக இருக்கின்றன. எங்கே வைத்தார்கள், யாரிடம் கொடுத்தார்கள், என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

படி 2: எதன்மேல் சோதித்தீர்கள் என்ற கணக்கைச் சரிசெய்யுங்கள்

கருவி வெளிவந்ததும் யாராவது கேட்கப்போகும் முதல் கேள்வி, 'இது வேலை செய்யும் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?' பதில் சுத்தமாக இருக்க வேண்டும்.

நம் நாலு பேருக்கும் நல்ல வழி, ஒரு லேப்டாப்பில் மோட்பஸ் கருவியைப் போல நடிக்கும் மென்பொருளை ஓட்டி அதன்மேல் சோதிப்பது. ஓபன்பிஎல்சி போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. பழைய கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றை விலைக்கு வாங்கி, இணையம் இல்லாத தனி சுவிட்சில் மாட்டுவது இன்னும் நல்லது. சொந்தப் பொருள், சொந்த வலையமைப்பு, யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

மாமா வேலை பார்க்கிற காற்றாலையில் ஒரு தடவை ஓட்டிப் பார்ப்போமே என்ற எண்ணம் வரும். அங்கேதான் சிக்கல். ஒரு காற்றாலையின் உரிமையாளர் கோயம்புத்தூர்ப் பக்கத்து நூற்பாலையாக இருக்கலாம். அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் தொலைவிலிருந்து பார்த்துக்கொள்வது தயாரிப்பு நிறுவனமாக இருக்கலாம். துணைமின் நிலையத்தில் அது மின்வாரியத்தோடு இணைகிறது. மாமா கதவைத் திறந்துவிடலாம், ஆனால் 43ஆம் பிரிவு கேட்கும் அனுமதி அவரிடம் இல்லை. மூன்று தரப்பில் யாருடைய வலையமைப்பைத் தொடுகிறீர்களோ அந்தத் தரப்பின் எழுத்து வேண்டும்.

கல்லூரி வலையமைப்புக்கும் இதே கதைதான். லேப் பொறுப்பாளர் வாயால் 'பண்ணிக்கோங்க' என்று சொன்னது போதாது. முதல்வர் கையெழுத்திட்ட கடிதம் வாங்குங்கள். அதில் எந்த ஐபி முகவரிகள், எந்த நாட்கள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, என்னென்ன செய்யலாம், ஏதாவது விழுந்துவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்பது இருக்கட்டும். கடைசியாக ஒரு வரி, இதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்: சோதனைக்கு எழுதிய கருவியையும், பெயர் நீக்கிய முடிவுகளையும் வெளியிடலாம் என்ற அனுமதி. சோதிக்க அனுமதி தந்தவர் வெளியிடவும் அனுமதி தந்துவிட்டார் என்று ஆகாது.

இணையத்தில் கண்ணில் படுகிற முகவரிகளை ஸ்கேன் செய்து 'இத்தனை கருவிகள் திறந்து கிடக்கின்றன' என்று ரீட்மீயில் படம் போடுவதை முழுக்கத் தவிர்த்துவிடுங்கள். அதில் ஒன்று அரசிதழில் அறிவிக்கப்பட்ட அமைப்பாக இருந்தால் அந்தப் படமே உங்களுக்கு எதிரான ஆவணம். பொது ஸ்கேன் பழகுவதற்கென்றே என்மேப் திட்டம் தன் சொந்தக் கணினி ஒன்றைத் திறந்து வைத்திருக்கிறது. அவர்கள் சொல்லும் அளவோடு அதைப் பயன்படுத்தலாம்.

படி 3: எழுதிய நிரல் (கோடு) யாருடையது?

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17 (சி) பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வேலையின் பகுதியாக எழுதியதற்கு முதல் உரிமையாளர் முதலாளி. கங்கைகொண்டான் ஐடி பூங்காவிலோ தென்காசிப் பக்கத்து மென்பொருள் அலுவலகத்திலோ வேலை பார்த்துக்கொண்டு இரவில் வீட்டில் எழுதினாலும், உங்கள் பணி ஒப்பந்தம் 'வேலை சார்ந்த எல்லாக் கண்டுபிடிப்பும் நிறுவனத்துக்கே' என்று சொல்லியிருக்கலாம். எடுத்துப் படியுங்கள். சந்தேகம் இருந்தால் மேலாளருக்கு மின்னஞ்சல் போட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். நிறுவனத்தின் லேப்டாப்பில் எழுதவே வேண்டாம்.

மாணவர்கள் ஊழியர்கள் அல்ல, ஆகவே 17 (சி) நேராக அவர்களைத் தொடாது. ஆனால் கல்லூரிக்குத் தனி அறிவுசார் சொத்துக் கொள்கை இருக்கலாம், திட்டத்துக்கு யாராவது நிதி கொடுத்திருக்கலாம். நாலு பேரும் சேர்ந்து எழுதியதால் நாலு பேருமே உரிமையாளர்கள். எந்த உரிமத்தில் வெளியிடுகிறோம் என்று ஒரு பக்கத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். படிப்பு முடிந்து ஆளுக்கொரு ஊருக்குப் போனபிறகு இந்தக் கையெழுத்தை வாங்குவது பெரும்பாடு.

நாலு பேரில் ஒருவருக்கு 18 வயது ஆகவில்லை என்றால், அவர் செய்யும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. உரிமத்தையும் கணக்கையும் வயது வந்தவர் பெயரில் வையுங்கள்.

மற்றவர்களின் பொருளை உடைத்துப் படித்து எழுதிய பகுதி இருந்தால் இன்னொரு விஷயம். சட்டப்படி உங்களிடம் இருக்கும் மென்பொருளின் அடிப்படைக் கருத்தை அறிய அதைக் கவனிப்பது, ஆராய்வது, சோதிப்பது 52ஆம் பிரிவில் விலக்குப் பெற்றவை. பிற மென்பொருளோடு சேர்ந்து இயங்க வேண்டிய தகவலை எடுப்பதற்கும் அங்கே விலக்கு உண்டு. 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவு, பதிப்புரிமையை மீறும் எண்ணத்தோடு மின்னணுப் பூட்டுகளை உடைப்பதைக் குற்றமாக்கியது. ஆனால் உரிமையாளரின் அங்கீகாரத்தோடு ஒரு கணினியின் பாதுகாப்பைச் சோதிக்கத் தேவையானதைச் செய்யலாம் என்று அதே பிரிவு விலக்கும் தந்திருக்கிறது. இங்கேயும் அனுமதிதான் திறவுகோல். எப்படியானாலும் தயாரிப்பு நிறுவனத்தின் பைனரிக் கோப்பையோ, அதிலிருந்து பிரித்தெடுத்த நிரலையோ உங்கள் ரெப்போவில் (கிட்ஹப்பில் உங்கள் நிரல் இருக்கும் கிடங்கில்) வைக்காதீர்கள்.

படி 4: கருவியின் இயல்பிலேயே நல்ல நோக்கம் தெரியட்டும்

என் கணிப்பில் இதுதான் எல்லாவற்றிலும் கனமான படி. எச்சரிக்கை வாசகத்தை யார் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம். கருவி எப்படி நடந்துகொள்கிறது என்பதற்கு அதைவிட எடை அதிகம்.

மோட்பஸில் 3ஆம் எண் கட்டளை பதிவேட்டைப் படிக்கும், 6ஆம் எண்ணும் 16ஆம் எண்ணும் அதில் எழுதும், 5ஆம் எண் ஒரு சுவிட்சைப் போடும் அல்லது அணைக்கும். கண்டுபிடிக்கும் கருவிக்குப் படிக்கும் கட்டளை போதும். எழுதும் கட்டளைகளை முதல் வெளியீட்டில் சேர்க்கவே வேண்டாம் என்பேன். ஓடிக்கொண்டிருக்கும் காற்றாலையில் தவறான பதிவேட்டில் ஒரு எண் விழுந்தால் ஆள் சேதம்கூட வரலாம். சட்டம் என்று ஒன்று இல்லாவிட்டாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன். ஆய்வுக்கு அவசியம் என்றால், கருவியைப் போல நடிக்கும் மென்பொருளோடு மட்டும் பேசும் தனிப் பகுதியாக வையுங்கள்.

அப்புறம், தானாகவே ஊர் முழுக்க ஸ்கேன் செய்யும் வசதி வேண்டாம். இலக்கு முகவரியைப் பயனர் தானே எழுதித் தர வேண்டும். இயல்புநிலையில் உள்வலையமைப்புகளுக்கென ஒதுக்கிய (பிரைவேட்) முகவரி வரம்புகள் மட்டும் ஏற்கப்படட்டும். வேகம் குறைவாக இருக்கட்டும், பழைய கட்டுப்பாட்டுக் கருவிகள் சாதாரண ஸ்கேனிலேயே தொங்கிவிடும். என்ன செய்தது என்ற பதிவுக் கோப்பைக் கருவியே எழுதட்டும். அனுமதி பெற்றுச் சோதிக்கிறவருக்கு அது பின்னால் சான்றாகும். தடயத்தை மறைப்பது, வைரஸ் தடுப்பு மென்பொருளுக்குத் தெரியாமல் ஓடுவது, கணினி மறுதொடக்கத்துக்குப் பிறகும் ஒளிந்திருப்பது போன்ற வசதிகள் கண்டுபிடிக்கும் கருவிக்குத் தேவையே இல்லை. இருந்தால், ஏன் என்ற கேள்விக்குப் பதில் சொல்வது கடினம்.

வெளியிடும் முன் ரெப்போவின் வரலாற்றையும் சோதியுங்கள். விடுதி வைஃபையில் பிடித்த பாக்கெட் கோப்பு, யாரோ ஒருவருடைய கடவுச்சொல், நிஜ ஐபி முகவரி தெரியும் ஸ்கிரீன்ஷாட் ஆகியவற்றைக் கோப்பிலிருந்து அழித்தாலும் பழைய கமிட்டுகளில் அப்படியே இருக்கும். மற்றவர் கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்தினால் 66சி இருக்கிறது, தனிநபர் தகவலுக்கு 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சந்தேகமாக இருந்தால் பழைய வரலாற்றை விட்டுவிட்டுப் புது ரெப்போவாகத் தொடங்குங்கள். பழையதை உங்களிடம் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: ரீட்மீயும் உரிமமும்

ரீட்மீயின் முதல் பத்தியிலேயே யாருக்காக, எதற்காக என்று சொல்லுங்கள். 'தொழிற்கூட வலையமைப்பைப் பராமரிப்பவர்கள், தங்கள் பொறுப்பில் உள்ள மோட்பஸ் கருவிகளைக் கணக்கெடுக்க' என்று ஒரு வரி. தலைப்பிலும் காணொளியிலும் 'எந்தக் காற்றாலையையும் நிறுத்தலாம்' என்ற வீராப்பு வேண்டாம். வேறு நிறுவனத்தின் வணிகப் பெயரைக் கருவியின் பெயராக வைக்காதீர்கள்.

தரவுத்தள ஓட்டைகளைச் சோதிக்கும் எஸ்க்யூஎல்மேப் கருவி ஓடும்போதே, முன் சம்மதம் இல்லாமல் தாக்குவது சட்டவிரோதம், பொறுப்பு பயனருடையது என்று திரையில் காட்டும். அந்த வழக்கத்தைப் பின்பற்றுங்கள். ஆனால் அதன் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். அது உங்கள் நோக்கத்துக்கு ஒரு சான்று, அவ்வளவுதான். 'கல்விக்காக மட்டும்' என்று மேலே எழுதிவிட்டுக் கீழே கேள்வி கேட்பவருக்குப் பக்கத்து வீட்டு வைஃபையை உடைக்கச் சொல்லிக் கொடுத்தால், மேலே எழுதியது காப்பாற்றாது.

உரிமத்துக்கு எம்ஐடி, அப்பாச்சி 2.0, ஜிபிஎல் மூன்றில் ஒன்று போதும். மூன்றிலும் 'உத்தரவாதம் இல்லை, சேதத்துக்குப் பொறுப்பில்லை' என்ற பகுதி உண்டு. உரிமமே போடாமல் விட்டால் மற்றவர்கள் உங்கள் கோட்டைச் சட்டப்படி எடுத்தாள வழி இல்லை, உங்களுக்கும் அந்தப் பொறுப்புத் துறப்பின் பாதுகாப்பு இல்லை. 'நல்லவர்கள் மட்டும் பயன்படுத்தலாம்' என்று உரிமத்துக்குள் சேர்க்கத் தோன்றும். செய்யாதீர்கள். பயன்பாட்டுத் துறையை வைத்துத் தடைபோட்டால் திறமூல வரையறைக்குள் அது வராது, கெட்டவர்கள் உரிமம் படித்துவிட்டுத் திரும்பப் போவதும் இல்லை. எதிர்பார்ப்பை ரீட்மீயில் எழுதுங்கள். நீங்கள் சேர்த்துக்கொண்ட பிறரின் நூலகங்கள் எந்த உரிமத்தில் உள்ளன என்றும் பாருங்கள். ஜிபிஎல் கோட்டை உள்ளே இழுத்துக்கொண்டு எம்ஐடி என்று மட்டும் அறிவிக்க முடியாது.

படி 6: பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடித்திருந்தால் கருவிக்கு முன் தகவல்

கருவி எழுதும்போது ஒரு தயாரிப்பில் புது ஓட்டை தட்டுப்பட்டால், அதைப் பயன்படுத்தும் பகுதியைக் கருவியில் சேர்த்து வெளியிடுவதற்கு முன் தயாரிப்பாளருக்கு எழுதுங்கள். அவர் பதில் சொல்லாவிட்டால் சர்ட்-இன் இருக்கிறது. ஓட்டைகளுக்கு உலகம் முழுக்கப் புழங்கும் சிவிஇ எண் கொடுக்கும் அதிகாரமும் அதற்கு உண்டு. மின்சாரம், அணுசக்தி போன்ற முக்கியக் கட்டமைப்பு என்றால் அத்தகைய கட்டமைப்பைப் பாதுகாக்கும் தேசிய மையமான என்சிஐஐபிசி அமைப்புக்குத் தெரிவிக்க வழி இருக்கிறது. கூகுளின் ஓட்டை தேடும் குழுவான ப்ராஜெக்ட் ஜீரோ, வெளியிடும் முன் தயாரிப்பாளருக்கு 90 நாள் கெடு வைப்பதைப் பலரும் அளவுகோலாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் காற்றாலைக் கருவிக்கு மென்பொருள் மாற்றம் போட யாராவது கோபுரத்தில் ஏற வேண்டியிருக்கும், கூடுதல் காலம் கொடுப்பது நியாயம்.

தகவல் சொன்னால் வழக்கு வராது என்ற பொதுவான சட்டப் பாதுகாப்பு நம் நாட்டில் இல்லை. ஆகவே அனுமதியோடு சோதித்தது என்ற சான்று முக்கியம். ஓட்டை கண்டுபிடித்துச் சொன்னால் பரிசு தரும் திட்டம் நடத்தும் நிறுவனம் என்றால் (தென்காசி மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் சோஹோவுக்கும் அப்படி ஒன்று உண்டு) அதன் விதிகளே உங்களுக்கான எழுத்து அனுமதி. அதன் எல்லையைத் தாண்டாதீர்கள். பணம் கொடுத்தால் சொல்லுவேன், இல்லாவிட்டால் வெளியிடுவேன் என்ற தொனியில் ஒரு வரிகூட எழுத வேண்டாம். அது மிரட்டிப் பணம் பறித்தல் வழக்காக மாறிவிடும்.

படி 7: எல்லை தாண்டும்போது

கிட்ஹப் அமெரிக்க நிறுவனம். 2021 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் என்ற மின்னஞ்சல் சர்வர் மென்பொருளின் ஓட்டைக்கான செயல்விளக்க நிரலை அது நீக்கியதும் பெரிய விவாதம் எழுந்தது, அதன்பின் விதிகளைத் திருத்தி எழுதியது. இரு வகையிலும் பயன்படும் பாதுகாப்புக் கருவிகளுக்கு இடம் உண்டு, நடந்துகொண்டிருக்கும் தாக்குதலுக்கு நேரடியாகத் துணைபோவதற்கு இடமில்லை என்பது அதன் சாரம். தொடர்புகொள்ள ஒரு பாதுகாப்புக் கோப்பு வையுங்கள். பிரச்சினை வந்தால் நீக்குவதற்கு முன் உங்களிடம் பேச அது வழிசெய்யும்.

மேற்படிப்புக்கு ஜெர்மனி போகிறவர்கள் அங்கே குற்றவியல் சட்டத்தில் 2007இல் வந்த 202சி பிரிவைத் தெரிந்துகொள்ளுங்கள். குற்றம் செய்வதையே நோக்கமாகக் கொண்ட நிரலை ஆக்குவதும் பரப்புவதும் அங்கே குற்றம். இரு வகையிலும் பயன்படும் கருவிகள் அதில் அடங்காது என்று 2009இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் விளக்கியது. பிரிட்டனின் கணினித் தவறான பயன்பாட்டுச் சட்டம் 3ஏ பிரிவில், குற்றத்துக்குப் பயன்பட வாய்ப்பு அதிகம் என்று நம்பிக்கொண்டே கொடுப்பதும் 2 ஆண்டு வரை சிறைக்குரியது. மேலப்பாளையத்திலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் அதிகம். அமீரகத்தில் இணையக் குற்றங்களுக்காக 2021இல் இயற்றிய 34ஆம் எண் சட்டத்தைப் படித்துவிட்டு விமானம் ஏறுங்கள்.

ஏற்றுமதிக் கட்டுப்பாடும் உண்டு. ஆயுதங்களும் இரு வகையிலும் பயன்படும் பொருட்களும் ஏற்றுமதியாவதைக் கட்டுப்படுத்தும் பல நாட்டு வாசெனார் ஏற்பாட்டில் இந்தியா 2017 டிசம்பரில் சேர்ந்தது, ஊடுருவல் மென்பொருள் சார்ந்த சிலவும் அதன் பட்டியலில் உள்ளன. நம் நாட்டில் இதை ஸ்காமெட் என்ற ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலின்வழி வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகம் நடத்துகிறது. எல்லோரும் தடையின்றி எடுத்துக்கொள்ளும்படி பொதுவில் வைத்த மென்பொருளுக்கு இந்தப் பட்டியல்களில் பொதுவாக விலக்கு உண்டு. கட்டணம் வாங்கிக்கொண்டு வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்கு மட்டும் தனிப் பதிப்பு அனுப்புவதுதான் உரிமம் தேவையா என்று கேட்க வேண்டிய இடம்.

படி 8: வெளியிட்ட பிறகு, நோட்டீஸ் வந்தால்

மற்றவர்கள் அனுப்பும் கோட்டைப் பார்க்காமல் சேர்க்காதீர்கள். எழுதும் கட்டளையை நைசாக உள்ளே நுழைக்கும் ஒரு திருத்தம் உங்கள் பெயரில்தான் வெளிவரும். உதவி கேட்பவர் அடுத்தவர் கணினியைப் பற்றிப் பேசுகிறார் என்று தெரிந்த கணமே, 'அனுமதி இல்லாமல் உதவ மாட்டோம்' என்று எழுத்தில் சொல்லி உரையாடலை மூடிவிடுங்கள். அந்த ஒரு வரி நாளைக்கு நீதிமன்றத்தில் பேசும்.

இந்தச் சட்டத்தின் கீழ் விசாரிப்பவர் இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். 66ஆம் பிரிவுக் குற்றம் ஜாமீனில் விடக்கூடியது. வரும் நோட்டீஸில் எந்தப் பிரிவு என்று பாருங்கள்: பழைய குற்ற விசாரணை முறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35 (3) என்றால் உங்கள் மேலேயே சந்தேகம், 179 என்றால் சாட்சியாக, 94 என்றால் ஆவணம் கேட்டு. வந்ததும் பதறி ரெப்போவை அழித்துவிடாதீர்கள். சான்றாக வரக்கூடிய மின்னணு ஆவணத்தை அழிப்பது தனிக் குற்றமாகிவிடும், உங்களைக் காப்பாற்றும் வரலாறும் அதோடு போய்விடும். அனுமதிக் கடிதங்கள், தேதியோடு கூடிய கமிட்டுகள், தயாரிப்பாளருக்கு எழுதிய மின்னஞ்சல்கள் ஆகியவற்றின் நகலை எடுத்துக்கொண்டு முதலில் வழக்கறிஞரைப் பாருங்கள். செலவுக்கு வழியில்லாதவர்கள் பாளையங்கோட்டையில் உள்ள மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும், வருமான வரம்புக்குள் வருகிறவர்களுக்கும் இலவச உதவி சட்டப்படி உரிமை. நோட்டீஸில் சொன்ன நாளில் வழக்கறிஞரோடு கட்டாயம் போய் நில்லுங்கள். வீட்டில் பெரியவர்களிடமும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.